பத்திரிகைச் செல்வர் கஸ்தூரிரங்க ஐயங்கார்

லக்ஷ்மிபாய் நகரில் வாழும் நம்மவர்க்கு அரசாங்க உத்தியோகத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய உத்தியோகத்தையும், பின்னர் நல்ல வருவாய் தந்த வக்கீல் தொழிலையும் துறந்து, நலிவுற்றிருந்த பத்திரிகையொன்றை விலைக்கு வாங்கிய துணிவாளர் கஸ்தூரிரங்க ஐயங்கார் ஆவார்.

அன்னார் கும்பகோணத்தை அடுத்த இன்னம்பூரில் 1859-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். சிறிது காலம் சப்-ரிஜிஸ்திராராகப் பணியாற்றினார். பின்னர்ச் சட்டம் பயின்று, புகழ் வாய்ந்த பாஷ்யம் ஐயங்காரிடம் தொழில் பழகி, கோயம்புத்தூரில் வக்கீலாக அமர்ந்தார். 1894-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்; 'ஹிந்து' பத்திரிகையின் சட்ட ஆலோசகரும் ஆனார்.

1878-இல் இளைஞர் அறுவர் தொடங்கிய அப்பத்திரிகை அந்நாளில் பணமுடையால் தள்ளாடிக்கொண்டிருந்தது. விற்பனையோ சுமார் 800 பிரதிகளே. 1905 ஏப்ரலில் ஐயங்கார் அதனை 75,000 ரூபாய்க்கு வாங்கினார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

பன்முறை நினைவூட்டியும் சந்தா செலுத்தாதோர்க்குப் பத்திரிகை அனுப்புவதை அவர் அறவே நிறுத்தினார். இருக்கும் வாசகரும் குறைவரே என்று அஞ்சினாரில்லை. ராய்ட்டர் தந்திகள், நீதிமன்றத் தீர்ப்புகள், வாணிபச் செய்திகள் ஆகியவற்றை ஒழுங்காக வெளியிட்டு, கொடுத்த காசுக்கு ஏற்ற பத்திரிகையாக்கினார். தன் காலில் நின்ற பத்திரிகைக்கு எவர்க்கும் அஞ்சாது எழுதும் உரிமையும் வாய்த்தது. 1906-இல் அர்பத்நாட் வங்கி முறிந்து எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்தபொழுது, அது வெள்ளையர் நிறுவனமாயிற்றே என்று தயங்காமல் மக்களுக்காக வாதாடினார்.

அரசியலிலும் அவர் முன்னின்றார். 1919-இல் சென்னைக்கு வந்த காந்தியடிகள் அவருடைய பங்களாவிலேயே தங்கியிருந்தார். நாடெங்கும் ஹர்த்தால் நடத்தும் எண்ணம் அடிகளுக்கு அங்கேதான் உதித்தது. 1922-இல் காங்கிரஸ் அமைத்த சட்டமறுப்பு விசாரணைக் குழுவில், நம் டில்லியின் ஹக்கீம் அஜ்மல் கான், டாக்டர் அன்சாரி ஆகியோருடன் ஐயங்காரும் உறுப்பினர். சட்டசபைப் பிரவேசம் வேண்டும் என்றார் ஹக்கீம். வேண்டா என்ற ராஜாஜி, அன்சாரி ஆகியோர் பக்கம் நின்றார் ஐயங்கார்.

1923 டிசம்பர் 12-ஆம் நாள் அவர் மறைந்தபொழுது பத்திரிகை ஏறத்தாழ 17,000 பிரதிகள் விற்றது. பத்திரிகையின் சுதந்திரம் ஆசிரியரின் துணிவால் மட்டும் நிலைப்பதன்று. காசு கொடுத்து வாங்கும் வாசகராலும் நிலைப்பது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. அடுத்த வீட்டுப் பத்திரிகையை இரவல் கேட்கும் அன்பர்கள் இதனைச் சிறிது சிந்திப்பார்களாக!