தாமதம் அறியாத கருணை
செம்பை வைத்தியநாத பாகவதர்

கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்க்கத் தக்க ஊர் அருகிலேயே உள்ளது. பாலக்காடு சென்று, அங்கிருந்து கோட்டாயிக்கு பஸ் ஏற வேண்டும். அதையொட்டியதுதான் செம்பை கிராமம். அதன் பெயரை நாடறியச் செய்தவர் சங்கீத மேதை வைத்தியநாத பாகவதர்.

இவர் 1896-ல் பிறந்தார். தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பம். தந்தை அனந்த பாகவதரே குரு. 1904-ல் ஒற்றப்பாலத்தில் முதல் கச்சேரி. பிறகு தம்பி சுப்பிரமணியத்துடன் சேர்ந்து ஊர் ஊராகப் பாடினார். ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில் கடைசி வரிசை வரை கேட்ட வெண்கலக் குரல் அவருடையது.

சிறுவனுக்குக் கைகொடுத்தார்

1924-ல் சென்னை ஜகந்நாத பக்த சபையில் செம்பையின் கச்சேரி. மிருதங்கம் வாசித்தவனுக்கு வயது 12. பெரிய வித்துவான் ஒருவரை வைத்துக்கொண்டு பத்திரமாகப் பாடியிருக்கலாம். ஆனால் அவர் தம் ஊர்ப்பக்கத்துச் சிறுவனைப் பக்கத்தில் உட்கார்த்தினார். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் மிருதங்கச் சக்கரவர்த்தியாகத் திகழ்ந்த பாலக்காடு மணி ஐயர்.

பக்கவாத்தியக்காரர் நன்றாக வாசித்தால் கச்சேரி முடியட்டும் என்று செம்பை காத்திருக்க மாட்டார். மேடையிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி, வாய்விட்டுப் பாராட்டுவார்.

குரல் போயிற்று

1951-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. மறு ஆண்டே பேரிடி. திடீரெனக் குரல் அடைத்துக்கொண்டது. பாட்டே பிழைப்பான மனிதருக்கு இதைவிடத் துன்பம் உண்டா?

சிகிச்சைக்குப் பின் குரல் திரும்பியது. குருவாயூரப்பன் அருள் என்று நம்பிய பாகவதர், அதன் பிறகு கிடைத்த வருமானத்தில் பெரும்பகுதியை அந்தக் கோயிலுக்கே கொடுத்தார். பாடம் சொல்லிக் கொடுப்பதிலும் குறை வைக்கவில்லை. கிறிஸ்தவரான கே.ஜே.யேசுதாசைச் சீடராக ஏற்றார். மதத்தைப் பார்க்கவில்லை, குரலைப் பார்த்தார்.

கடைசிப் பாட்டு

1974 அக்டோபர் 16. வயது 78. முதல் கச்சேரி நடந்த அதே ஒற்றப்பாலத்தில், பூழிக்குன்று கிருஷ்ணன் கோயிலில் பாடினார். முடிவில் அவருக்கு மிகப் பிடித்த, இரயிம்மன் தம்பி இயற்றிய மலையாளப் பாடல். அருள் செய்ய ஏன் தாமதம் என்று கண்ணனைக் கேட்கும் பாட்டு அது. அன்றே, சீடர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது, சாய்ந்து உயிர் நீத்தார்.

பாலக்காட்டு அரசு இசைக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குருவாயூரில் ஆண்டுதோறும் ஏகாதசியையொட்டி நடக்கும் இசை விழாவும் அவர் பெயரில்தான்.

கருணை செய்யத் தாமதம் ஏன் என்று கடவுளைக் கேட்டவர், தாம் ஒருநாளும் தாமதிக்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பையனுக்குத் தொழில் சொல்லித் தருவதையும், உடன் உழைப்பவரைப் பாராட்டுவதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவர்கள் அவரை நினைத்துப் பார்க்கலாம்.