தோல்வியிலும் தலைநிமிர்ந்த வீராங்கனை

வென்றவரை உலகம் போற்றுவது இயல்பு. ஏழு முறை வாகை சூடியும், தாம் தோற்ற ஓர் ஆட்டத்தினாலேயே இன்றும் பேசப்படும் ஒரு வீராங்கனையின் வரலாற்றை இங்குக் காண்போம்.

டோரதியா டக்ளஸ் 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், இலண்டனை அடுத்த ஈலிங்கில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தார். அக்காலப் பெண்கள் கணுக்கால்வரை நீண்ட பாவாடை அணிந்தே டென்னிஸ் ஆடினர். அவ்வுடையில் விரைந்து ஓடுதல் எளிதன்று. இவரோ நினைத்த இடத்தில் பந்தை விழச் செய்யும் திறம் பெற்றிருந்தார். 1903, 1904, 1906 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றார்.

1907இல் இராபர்ட் லாம்பர்ட் சேம்பர்ஸ் என்பவரை மணந்தார். மணமானதும் மட்டையைக் கீழே வைத்துவிடவில்லை. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றார். இரு பிள்ளைகளுக்குத் தாயாகி, இல்லறத்தையும் விளையாட்டையும் ஒருங்கே பேணினார். 1910, 1911, 1913, 1914 என மேலும் நான்கு முறை விம்பிள்டனில் வாகை சூடினார். 1911 இறுதி ஆட்டத்தில் 6–0, 6–0 என வென்றார். அத்தகைய முழு வெற்றி அங்கு மகளிர் இறுதியாட்டத்தில் மீண்டும் கிட்டியது 2025ஆம் ஆண்டில்தான்!

முதல் உலகப் போரினால் நான்காண்டுகள் விம்பிள்டன் போட்டி நடைபெறவில்லை. 1919இல் போட்டி மீண்டும் தொடங்கியபோது சேம்பர்ஸ் நாற்பது வயதை எட்டியிருந்தார். அவரை எதிர்த்து நின்றவர் இருபது வயது நிரம்பிய பிரெஞ்சு நங்கை சூசான் லாங்லென். குட்டைப் பாவாடை அணிந்து மான்போல் துள்ளி ஆடினார் அவர். அரசர் ஐந்தாம் ஜார்ஜும் அரசியாரும் அரங்கில் வீற்றிருந்தனர்.

முதற் சுற்றை லாங்லென் 10–8 என வென்றார். அடுத்ததைச் சேம்பர்ஸ் 6–4 எனக் கைப்பற்றினார். மூன்றாம் சுற்றில் 1–4 எனப் பின்தங்கியும் அவர் மனந்தளராது போராடி 6–5 என முந்தினார். இன்னும் ஒரே ஒரு புள்ளி பெற்றால் வெற்றி. அதற்கு இரண்டு வாய்ப்புகளும் இருந்தன. அந்நேரம் லாங்லெனின் மட்டை விளிம்பில் பட்ட பந்து தட்டுத் தடுமாறி வலையைக் கடந்து இவர் பக்கம் விழுந்தது. அடுத்த வாய்ப்பும் நழுவியது. முடிவில் 9–7 எனத் தோல்வியுற்றார்.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. ஆயினும் அவர் சோர்ந்து ஒதுங்கினாரல்லர். மறு ஆண்டும் அதே லாங்லெனை எதிர்த்து ஆடித் தோற்றார். பின்னர் 1925இல், தமது 46ஆம் வயதில், அமெரிக்கா சென்று வைட்மன் கோப்பைப் போட்டியில் பிரிட்டன் அணிக்காக ஆடினார். அங்கு ஒற்றையர் ஆட்டத்திலும் இரட்டையர் ஆட்டத்திலும் வென்றார். பிரிட்டன் 4–3 எனக் கோப்பையைப் பெற்றது; அவரது வெற்றிகள் இல்லையேல் அது கிட்டியிராது. அதன்பின் பயிற்சியாளராகி, தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தார். 1960ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார்.

மாணவர்களே! அன்று ஒரு பந்து வேறு பக்கம் விழுந்திருந்தால் அவர் எட்டாம் பட்டத்தைப் பெற்றிருப்பார். பந்து விழும் பக்கம் நம் கையில் இல்லை. விழுந்தபின் மீண்டும் மட்டையை எடுப்பது நம் கையில்தான் உள்ளது. தேர்விலோ திடலிலோ தோல்வி நேரும்போது இவ்வம்மையாரை நினைவிற் கொள்வீர்களாக!