பூமிக்குள்ள ஓட்டை... மேல பாலம் நிற்குமா? கணக்குப் போட வைத்த டெர்சாகி யார்?

நிலக்கரி எடுத்து முடித்த பழைய சுரங்கம். உள்ளே வெறும் வெற்றிடம். அதுக்கு மேல பைல் இறக்கி பாலம் கட்டினா தாங்குமா? இந்தக் கேள்விக்கு இன்னைக்குக் கணக்கோட பதில் தேட முடியுதுன்னா, அதுக்கு முக்கியக் காரணம் கார்ல் டெர்சாகி.

யார் இவர்?

1883-ல் பிராக் நகரில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். ஆனா மனசு போனது மண் பக்கம். இளம் வயதில் குரோஷியாவில் வேலை. அங்கே சுண்ணாம்புப் பாறைக்குள் இயற்கையாகவே பொந்துகள் இருக்கும். அப்போதெல்லாம் அஸ்திவாரம் என்றால் பெரும்பாலும் அனுபவமும் ஊகமும்தான்.

இஸ்தான்புல் திருப்பம்

முதல் உலகப்போர் காலத்தில் இஸ்தான்புல்லுக்குப் பாடம் நடத்தப் போனார். கையில் கிடைத்த பொருட்களை வைத்தே சோதனைக் கருவிகள் செய்தார். மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரும் சுமையின் ஒரு பகுதியைத் தாங்குது, அது மெல்ல வெளியேறும்போதுதான் கட்டடம் இறங்குது என்று கண்டுபிடித்தார். 1925-ல் இது புத்தகமாக வந்தது. மண் இயக்கவியல் என்ற துறையே பிறந்தது.

உயிரைப் பறித்த சண்டை

வியன்னாவில் சக பேராசிரியர் பால் ஃபில்லுங்கர், டெர்சாகியின் கோட்பாடே தப்பு என்று 1936-ல் பகிரங்கமாகத் தாக்கினார். விசாரணைக் குழு டெர்சாகி பக்கம் நின்றது. 1937-ல் ஃபில்லுங்கரும் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டனர். ஃபில்லுங்கரின் ஆய்விலும் மதிப்பு இருந்ததை, பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் ஒத்துக்கிட்டாங்க.

வெற்றிடம் பற்றி என்ன சொன்னார்?

அதே 1936-ல் ஒரு சோதனை. மணல் நிரப்பிய பெட்டியின் அடியில் ஒரு கதவு. அதைக் கொஞ்சமா கீழே இறக்கினதும், கதவு மேல இருந்த சுமை சட்டென்று குறைந்தது. மணல் வளைவு மாதிரி நின்று, பாரத்தைப் பக்கவாட்டுக்குத் தள்ளியது. சுரங்கத்துக்கு மேல நிலம் பல வருஷம் சரியாம நிற்பதும் இதே மாதிரிதான். வளைவு உடைஞ்சா? மேல இருக்கிறது உள்ளே போயிடும்.

அதனால்தான் இன்னைக்கு முதலில் துளை போட்டு வெற்றிடத்தைத் தேடுறாங்க. பைல் நுனிக்கும் ஓட்டைக்கும் நடுவில் எவ்வளவு தடிமனா பாறை இருக்குன்னு பார்க்கிறாங்க. பத்தலைன்னா சிமென்ட் கலவையால் நிரப்புவாங்க, இல்லைன்னா பைலை ஓட்டைக்கும் கீழே கொண்டு போவாங்க.

ஒரு பைலை மட்டும் சோதித்து மொத்த அஸ்திவாரத்தையும் நம்பக் கூடாது என்பதும் அவர் சொன்ன பாடம். ஒரு பைல் தாங்கினாலும், பல பைல் சேர்ந்தா அடியில் உள்ள மண் இறங்கலாம்.

1938-ல் அமெரிக்கா போய் ஹார்வர்டில் பாடம் நடத்தினார். 1963-ல் காலமானார். கனடாவில் அவர் வேலை பார்த்த ஓர் அணைக்கு இன்று டெர்சாகி அணை என்றுதான் பெயர்.