காட்டுக்குள் நகரம் தேடிய வழக்கறிஞர்

மெக்சிகோ நாட்டின் கிழக்கே, கரீபியன் கடலில் கோசுமெல் என்று ஒரு தீவு இருக்கிறது. பெரிய பெரிய உல்லாசக் கப்பல்கள் அங்கே வந்து நிற்கும். பயணிகளில் பலர் படகில் எதிர்க்கரைக்குப் போய், அங்கிருந்து பேருந்தில் துலும் என்ற ஊருக்குச் செல்வார்கள். கடலோரப் பாறை மேல் நிற்கும் பழங்காலக் கற்கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கப்பல் புறப்படும் முன் திரும்பி விடுவார்கள்.

அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் மாயா மக்கள் என்று இன்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். சுமார் 180 ஆண்டுகளுக்கு முன் வெளியுலகம் அதை நம்பத் தயாராக இல்லை. அதைத் தக்க காரணங்களோடு எடுத்துச் சொன்னவர் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில், 1805 நவம்பர் 28-ல் ஸ்டீபன்ஸ் பிறந்தார். கொலம்பியா கல்லூரியில் படித்து, பிறகு சட்டமும் பயின்று, நியூயார்க்கில் வழக்கறிஞரானார். மேடையேறிப் பேசிப் பேசி அவருக்குத் தொண்டையில் நோய் வந்தது. வெளிநாடு சென்று ஓய்வெடுக்கும்படி மருத்துவர் சொன்னார். 1834-ல் புறப்பட்டவர், ஐரோப்பா, எகிப்து, அரேபியப் பாலைவனம் என்று சுற்றினார். எகிப்தின் பிரமிடுகளை நேரில் பார்த்தார். ஊர் திரும்பியதும் எழுதிய பயண நூல் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது.

லண்டனில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அவர் பெயர் பிரெடரிக் கேதர்வுட். கட்டடக் கலைஞர், ஓவியர். அவரும் எகிப்தின் பழைய கோயில்களை வரைந்தவர்தான். மத்திய அமெரிக்கக் காடுகளில் இடிந்த நகரங்கள் மறைந்து கிடப்பதாகப் படித்த ஸ்டீபன்ஸ், நண்பரையும் அழைத்துக்கொண்டு 1839 அக்டோபரில் கப்பல் ஏறினார். அமெரிக்க அரசு அவரைத் தன் தூதராகவும் நியமித்திருந்தது. அங்கே போனால் உள்நாட்டுப் போர்! தூதர் சந்திக்க வேண்டிய அரசாங்கமே சிதறிக் கொண்டிருந்தது.

கோவேறு கழுதைகள் மீது, சேற்றிலும் மழையிலும் மலை ஏறி இறங்கி, இருவரும் ஹோண்டுராஸ் நாட்டின் கோபான் என்ற இடத்தை அடைந்தார்கள். அடர்ந்த காட்டுக்குள் ஆளைவிட உயரமான சிற்பத் தூண்கள் நின்றன. அவற்றில் மனித உருவங்களும், யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துகளும் நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருந்தன. கேதர்வுட் சேற்றில் நின்றபடி, கொசுக்கடிக்குப் பயந்து கையுறை மாட்டிக்கொண்டு வரைந்தார். இத்தனை நுணுக்கமான சிற்பங்களை அவர் கண்டதே இல்லை. முதலில் வரைந்த படங்கள் சரியாக வரவில்லை. விடாமல் முயன்று, சிற்பத்தில் உள்ளதை உள்ளபடியே தாளில் கொண்டுவந்தார்.

நிலத்தின் உரிமையாளரிடம் ஸ்டீபன்ஸ் விலை பேசினார். தூதருக்குரிய, பெரிய பொத்தான்கள் வைத்த கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றார்! 50 டாலருக்குப் பேச்சு முடிந்தது. சிற்பங்களை நியூயார்க்குக்குக் கொண்டு போக அவர் ஆசைப்பட்டார், அது நடக்கவில்லை. நல்லவேளை, கோபானின் செல்வம் கோபானிலேயே தங்கிற்று. 1980-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பிறகு மெக்சிகோவின் பலேங்கே, உஷ்மால் நகரங்களையும் பார்த்தார்கள். 1841-ல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு மறுபடியும் புறப்பட்டு, சிச்சென் இட்சா, துலும் உட்பட 44 இடங்களை ஆராய்ந்தார்கள். காய்ச்சல் இருவரையும் வாட்டியது. ஆனாலும் வேலையை விடவில்லை.

இவற்றைக் கட்டியவர் யார்? எகிப்தியர் என்றார்கள் சிலர். கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் நாட்டார் என்றார்கள் வேறு சிலர். உள்ளூர்ப் பழங்குடி மக்களின் முன்னோர் கட்டியிருக்க முடியும் என்று நினைத்தவர்கள் மிகச் சிலரே. அந்த மக்கள் அப்போது ஏழைகளாக, பிறரிடம் கூலி வேலை செய்து வந்ததே காரணம்.

ஸ்டீபன்ஸ் ஒரு வழக்கறிஞர் அல்லவா? சாட்சியங்களை அடுக்கினார். எகிப்தின் பிரமிடு கூராக முடிகிறது. இங்கே உச்சி தட்டையாக இருந்து, அதன்மேல் கோயில் நிற்கிறது. வாசல்களுக்கு மேல் வைத்த மர உத்திரங்கள் சில இன்னும் உளுத்துப் போகவில்லை. ஆகவே இவை பல்லாயிரம் ஆண்டு பழையவை அல்ல. வெகு தூரத்தில் உள்ள கோபானிலும் பலேங்கேயிலும் ஒரேவகை எழுத்து இருக்கிறது. எனவே, இந்த மண்ணின் மக்களுடைய முன்னோரே இவற்றைக் கட்டினார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். அவர்களின் வரலாறு அந்த எழுத்துகளில் இருக்கிறது என்றும் நம்பினார்.

பின்னாளில் பனாமாவில் ரயில் பாதை போடும் பணியில் ஈடுபட்ட ஸ்டீபன்ஸ், நோயுற்று 1852 அக்டோபரில் காலமானார். அப்போது வயது 46. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆர்க்டிக் என்ற கப்பல் மூழ்கியபோது கேதர்வுட்டும் இறந்தார்.

ஸ்டீபன்ஸ் இறந்து சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1950-களிலிருந்து அந்த எழுத்துகளின் புதிர் அவிழத் தொடங்கியது. கற்களில் இருந்தவை மாயா மன்னர்களின் பெயர்கள், பிறந்த நாள்கள், போர்கள்! அவர் நம்பியது உண்மையாயிற்று. மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளில் மாயா மக்கள் இன்றும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். தங்கள் மொழிகளைப் பேசுகிறார்கள்.

குழந்தைகளே, ஒருவர் இன்று ஏழையாக இருப்பதைப் பார்த்து, அவருடைய முன்னோருக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. நேரில் பார்த்து, ஆராய்ந்து, அதன் பிறகே முடிவு சொல்ல வேண்டும். ஸ்டீபன்ஸ் செய்தது அதைத்தான்.