பலாங்கொடையின் கறுப்புக் கல்லும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரைக் கேட்டதும் நடராசர் திருவுருவமும், இராசபுத்திர ஓவியங்களும், பொஸ்டன் நகரின் நுண்கலை நூதனசாலையும் நினைவுக்கு வருவது இயல்பாகும். ஆனால் அவர் தமது முதற் புலமையைக் கலையில் அன்றிக் கல்லிலேயே பெற்றார். அவர் அரச கனியவியல் அளவையின் பணிப்பாளராக இருந்த காலத்தில், சப்ரகமுவ மாகாணத்தின் ஆற்றுச் சரளையில் இருந்து வெளிவந்த ஒரு கறுப்புக் கனியம், கதிர்த்தொழிற்பாடு பற்றிய உலக ஆராய்ச்சியின் தொடக்க ஆண்டுகளில் கணிசமான பங்கினை வகித்தது. அந்த நான்கு ஆண்டுகளின் கதை நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை என்றே கூற வேண்டும்.

1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, இங்கிலாந்தில் பாரிஸ்டராகி, சட்டசபையில் தமிழரின் குரலாக விளங்கியவர். அரிச்சந்திர நாடகத்தையும் பாளி நூல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்த அறிஞர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் புதல்வர்கள். தாயார் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்தைச் சேர்ந்தவர். குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்னரே, 1879இல் தந்தையார் காலமானார். தாயும் மகனும் அப்போது இங்கிலாந்தில் இருந்தனர். ஆகவே தமிழ்த் தந்தையின் மொழியும் வீடும் அறியாத பிள்ளையாகவே அவர் வளர்ந்தார்.

குளொஸ்ரர்ஷயரில் உள்ள விக்கிளிஃப் கல்லூரியில் பயின்றபோதே, பாடசாலைக்கு அருகில் இருந்த குன்றின் பாறைகளைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். பின்னர் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் புவிச்சரிதவியலையும் தாவரவியலையும் கற்று, 1900இல் முதல் வகுப்புச் சித்தியுடன் வெளியேறினார். அதே ஆண்டில் இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவருடைய கட்டுரை லண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. அதன்பின் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிரயருடன் இணைந்து, கண்டிக்கு அருகே கிடைத்த புதிய கனியம் ஒன்றை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதற்கு இட்ட பெயர் செரண்டிபைற். அரபு வணிகரும் மாலுமிகளும் நம் தீவை வழங்கிய செரண்டீப் என்ற பெயரே அக்கல்லில் நிலைத்தது. மாணிக்கம் தேடி வந்தவர்களும், 1344ஆம் ஆண்டளவில் பாவாதமலைக்கு யாத்திரை வந்த இப்னு பதூதாவும் அறிந்திருந்த பெயர் அது. உலகின் மிக அரிய இரத்தினங்களுள் ஒன்றாகக் கருதப்படும் இக்கல், மெருகேற்றத்தக்க தரத்தில் பின்னாளில் இரத்தினபுரி மாவட்டத்தின் கொலொன்னைப் பகுதியில் கிடைத்தமை ஒரு சுவையான பொருத்தமாகும்.

1903இல், இருபத்தைந்து வயது கடந்த நிலையில், இலங்கைக் கனியவியல் அளவையின் பணிப்பாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. துணைவியார் எத்தல் பார்ட்ரிட்ஜும் உடன் வந்திருந்தார். அன்றைய சப்ரகமுவவை இன்றைய வாசகர் மனக்கண்ணிற் கொண்டுவருவது கடினமன்று. கோப்பி அழிந்து தேயிலை நிலைபெற்றுவிட்டது. கேகாலையின் தாழ்ந்த சரிவுகளில் இறப்பர்க் கன்றுகள் எழத் தொடங்கியிருந்தன. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் இருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட குடும்பங்கள் லயன்களில் குடியேறியிருந்தன. இரத்தினபுரியின் வயல்களிலும் ஓடைகளிலும் சிங்களக் கிராமத்தவர் சரளையைத் தோண்டிக் கூடைகளில் அரித்தனர். கிடைத்த கல்லை மதிப்பிட்டு வாங்குவோருள் பேருவளைப் பக்கத்து முஸ்லிம் வணிகர் முதன்மையானோர். ஒரு கல்லைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் அதன் பாரத்தைக் கொண்டே இனம் பிரிக்கும் அவர்களுடைய திறமை, எந்தப் பல்கலைக்கழகமும் வழங்காத கல்வியாகும்.

பலாங்கொடைப் பகுதியின் ஓடைச் சரளையில் அப்போது கிடைத்த சிறிய கறுப்புக் கனசதுரங்களுக்கு இரத்தினச் சந்தையில் மதிப்பில்லை. ஒளி ஊடுருவாத கல்லை எவர் மோதிரத்தில் பதிப்பார்? ஆனால் அவற்றின் பாரம் வியப்பூட்டியது. நீலக்கல் நீரைவிட நான்கு மடங்கு பாரமானது. இக்கறுப்புக் கல்லோ ஒன்பது மடங்குக்கும் மேல். குமாரசுவாமி முதலில் இதனை யுரேனியம் கொண்ட யுரேனினைற் எனக் கருதினார். இரண்டும் ஒரே பளிங்கு அமைப்பும், ஒத்த நிறமும் பாரமும் கொண்டவை என்பதால் அது இயல்பான கணிப்பே. 1904இல் லண்டன் இம்பீரியல் நிறுவனத்தில் டன்ஸ்ரன் நடத்திய பகுப்பாய்வு, கல்லின் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்று காட்டியது. புதிய கனியத்துக்கு அவர் தோரியனைற் எனப் பெயரிட்டார்.

அக்காலத்தில் தோரியத்துக்கு நல்ல கிராக்கி இருந்தது. வாயு விளக்குகளின் மென்டில், 99 வீதம் தோரியம் ஒட்சைட்டினாலும் 1 வீதம் சீரியம் ஒட்சைட்டினாலும் ஆனது. ஆகவே கறுப்புக் கல் கப்பலேறியது. விஞ்ஞானிகளின் ஆவல் வேறு வகையினது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில், குமாரசுவாமி கற்ற அதே வளாகத்தில், இரசாயனப் பேராசிரியராக விளங்கியவர் சேர் வில்லியம் ராம்சே. இலங்கைத் தோரியனைற்றைச் சூடாக்கியபோது அதிலிருந்து ஈலியம் வாயு தாராளமாக வெளிவருவதை அவர் கண்டார். 1904இல் ஜேர்மனியில் இருந்து அவருடைய ஆய்வுகூடத்துக்கு வந்த ஓட்டோ ஹான் என்ற இளைஞரிடம், இக்கல்லில் இருந்து பிரித்தெடுத்த உப்பில் உள்ள ரேடியத்தைத் தூய்மைப்படுத்தும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் தேடியது ரேடியம். 1905இல் அவருக்கு அகப்பட்டது அதுவரை எவரும் அறியாத ரேடியோதோரியம். சேதன இரசாயனத்துக்குத் திரும்புவதாக இருந்த ஹான், அந்தக் கண்டுபிடிப்பினாலேயே கதிர்த்தொழிற்பாட்டுத் துறையில் தங்கிவிட்டார். 1938இல் அணுப் பிளவைக் கண்டறிந்து, 1944ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர் அவரே. அவருடைய பயணத்தின் முதற்படி பலாங்கொடைச் சரளையில் இருந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

கல்லினுள் அடைபட்டிருந்த கதிர்கள் வெளியே என்ன செய்யக்கூடும் என்ற வினாவும் அந்த ஆண்டுகளில்தான் எழுந்தது. ரேடியம் உப்பை நீரிற் கரைத்துவைத்தால், தீயோ மின்சாரமோ இன்றி, கரைசலில் இருந்து வாயுக்குமிழிகள் இடைவிடாது எழுவதைப் பல ஆய்வாளர் கண்டனர். குமிழிகளில் இருந்தவை ஐதரசனும் ஒட்சிசனும். ராம்சேயும் கமெரனும் ரேடியத்தின் வாயுவை நீருடன் சேர்த்து இதனை அளவிட முயன்றனர். 1914இல் பிரான்சில் டெபியேர்ன் என்பவர், கதிர் பட்ட நீரின் மூலக்கூறு இரண்டு துண்டாக உடைகிறது என்ற விளக்கத்தை முன்வைத்தார்.

பின்னாளைய ஆராய்ச்சி உறுதிசெய்த செய்தி இதுதான். தோரியம் வெளியிடும் ஓர் அல்பாத் துணிக்கையின் சக்தி சுமார் 40 இலட்சம் இலத்திரன்வோல்ற்று. நீர் மூலக்கூறின் ஒரு பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 5 போதும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரே துணிக்கை, தான் செல்லும் குறுகிய பாதையில் இலத்திரன்களைப் பிய்த்தெறிந்து, எண்ணற்ற மூலக்கூறுகளைச் சிதைத்துவிடுகிறது. சிதைந்த துண்டுகளைச் சுயாதீன மூலிகங்கள் என்பர். துணையிழந்த இலத்திரன் ஒன்றைத் தாங்கிய இவை, அருகில் அகப்படும் எதனோடும் சேரத் துடிப்பவை. நீர் மாத்திரம் இருந்தால் அவை தம்முள் சேர்ந்து அடங்கும். நீரில் இரட்டைப் பிணைப்புக் கொண்ட சிறு மூலக்கூறுகள் கரைந்திருந்தாலோ கதை வேறாகிறது. மூலிகம் ஒன்று அவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொள்கிறது, பற்றப்பட்டது தானே மூலிகமாகி அடுத்ததைப் பற்றுகிறது, அது அதற்கடுத்ததை. இவ்வாறு நொடிப்பொழுதில் ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலி உருவாகிறது. பல்பகுதியம் என்றும் பொலிமர் என்றும் அழைக்கப்படுவது இச்சங்கிலியே. சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளும் விழுந்துவிட்டால், தெளிந்த கரைசல் களியாக உறைகிறது. தீப்புண்களுக்கு இடும் ஈரக்களிக் கட்டுகள் பல இன்று இலத்திரன் கற்றையைப் பாய்ச்சி இம்முறையிலேயே செய்யப்படுகின்றன. மருந்துச் சரக்கு எதுவும் கலக்காமலே களி கட்டுவதும், அதே கதிர் கிருமிகளையும் கொன்றுவிடுவதும் இதன் சிறப்பு.

தோரியனைற்றை அனுப்பிய சப்ரகமுவவுக்கு இந்த அறிவினால் நேரடிப் பயன் உண்டா என்று வாசகர் கேட்கலாம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் விடியற்காலையில் வெட்டி இறக்கப்படும் இறப்பர்ப் பாலே அதற்கு விடை. அப்பால், நீரில் மிதக்கும் பல்பகுதியத் துணிக்கைகள் அன்றி வேறில்லை. மரம் கட்டிய சங்கிலிகள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. குறைவது அவற்றைத் தம்முள் பிணைக்கும் குறுக்குப் பிணைப்பு மாத்திரமே. 1839இல் குட்இயர் கண்ட வழி கந்தகமும் வெப்பமும் கொண்டு அதனைச் செய்வது. கோபாற்று 60 வெளியிடும் காமாக் கதிர்களைப் பாலிற் பாய்ச்சியும் அதே பிணைப்பை ஏற்படுத்தலாம். கந்தக முறையில் சேர்க்கப்படும் இரசாயனங்களால் எஞ்சக்கூடிய, புற்றுநோய் ஐயத்துக்குரிய நைத்திரசமீன்கள் இம்முறையில் தோன்றுவதில்லை. கையுறை, பால்சூப்பி போன்றவற்றுக்கு இது பெரும் அனுகூலம். இந்தோனேசியாவும் கேரளத்தின் கோட்டயமும் இதற்கெனச் சோதனை ஆலைகளை அமைத்தன. இலங்கை அணுசக்திச் சபையின் காமா நிலையம் பியகமவில் இருக்கிறது. கேகாலைத் தோட்டங்களில் இருந்து அது தொலைவில் இல்லை. கதிரூட்டிய பால் கந்தகத்தோடு செலவிலும் வலிமையிலும் போட்டியிட வேண்டியிருப்பதால் இம்முறை இன்னும் பரவலாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பால் வெட்டுபவரின் நாட்கூலியும் பாலின் விலையும் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கும் மாவட்டங்களில், மூலப்பொருளாக அனுப்புவதா, முடிந்த பொருளாக அனுப்புவதா என்பது வெறும் விஞ்ஞான வினா அன்று.

குமாரசுவாமி இதே வினாவை வேறொரு முனையில் இருந்து கேட்டார். பாறைகளைத் தேடிக் கண்டி இராச்சியத்தின் பழைய கிராமங்களில் நடந்தபோது, கொல்லரும் தச்சரும் நெசவாளரும் தத்தம் தொழிலைக் கைவிடுவதை அவர் கண்டார். இறக்குமதித் துணியும் தகரமும் அவர்களுடைய இடத்தைப் பிடித்திருந்தன. துணைவியார் படம் பிடிக்க, அவர் குறிப்பெடுத்தார். 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்து, மேனாட்டு நடையுடையைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தார். தாய்மொழிக் கல்விக்காக வாதாடினார். 1906இல் பதவிக்காலம் நிறைவுற்றது. அதே ஆண்டில் பேராதனைப் பூங்காவில் பெரும் இறப்பர்க் கண்காட்சி நடந்ததையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம். புவிச்சரிதவியலுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், இங்கிலாந்து திரும்பி, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை வில்லியம் மொறிஸின் பழைய அச்சியந்திரத்தில் 425 பிரதிகளாக அச்சிட்டார். கனியங்களை வகைப்படுத்திய கண்ணே அந்நூலிலும் தொழிற்படுகிறது: எந்தச் சித்திரவேலை, எந்தக் கருவி, எந்தக் குடி, எந்த ஊர் என்ற நுணுக்கம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

ஒன்றை மட்டும் மறைக்காமற் கூற வேண்டும். கண்டியக் கைவினைஞருக்கு அவர் எழுத்தில் அளித்த இடம், அதே மலைகளில் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளருக்குக் கிட்டவில்லை. பழைய சமூகம் சிதைவதைக் கண்டு வருந்திய அவர், அச்சிதைவின் மறுபக்கமாக லயன்களில் உருவாகிக்கொண்டிருந்த புதிய சமூகத்தைத் தமது ஆய்வுப் பொருளாக்கவில்லை. அவர்மீது நாம் கொண்ட மதிப்பு இதனாற் குறைவதில்லை. ஆயினும் நம் மலையக வாசகர் இதனைக் கவனியாதிருக்க மாட்டார்கள்.

எஞ்சிய வாழ்வு பலரும் அறிந்தது. இந்தியாவில் சுதேசி இயக்கத்தோடும் தாகூர் குடும்பத்தோடும் நெருங்கிப் பழகினார். 1916இல் இராசபுத்திர ஓவியம் பற்றிய நூல் வெளிவந்தது. 1917இல் பொஸ்டன் நூதனசாலையில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பை ஏற்று முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி, எழுபதாவது பிறந்தநாள் கழிந்து பதினெட்டு நாட்களில், அமெரிக்காவின் நீடம் என்ற ஊரில் காலமானார். ஓய்வுபெற்று இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் நிறைவேறாமற் போயிற்று.

அவர் மறைந்து ஆறு ஆண்டுகளின் பின்னர், 1953இல், இரத்தினபுரி மாவட்டத்தின் எஹெலியகொடையில் ஏக்கநாயக்க என்பவர் பச்சை நிறக் கல்லொன்றைக் கண்டெடுத்தார். தோரியமும் யுரேனியமும் கொண்ட அக்கல், தன்னுள் எழும் கதிர்களாலேயே தன் பளிங்கு அமைப்பு முழுவதும் சிதைந்து, கண்ணாடி போலாகிவிட்டது. 1961இல் உலகக் கனியவியலாளர் அதனைப் புதிய கனியமாக ஏற்று, கண்டெடுத்தவரின் பெயரால் ஏக்கனைற் என அழைத்தனர். பச்சைக் கற்களுள் அது கலந்துவிட வாய்ப்பிருப்பதால், சந்தேகத்துக்குரிய கல்லைக் கதிர்வீச்சுமானியில் சோதித்த பின்னரே இரத்தின வணிகர் அதனை அணிகலனுக்கு விற்பது நன்று.