வச்சிராயுதம் வரைந்த அம்மையார்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு எழுதியபோது, விடுதிச் சாம்பாரைப் பற்றியும் கட் அடித்துப் பார்த்த சினிமாவைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். எனக்கு வேறொரு பாக்கி இருக்கிறது.

நம் வகுப்பிலிருந்து இராணுவத்துக்குப் போன நண்பனை உங்களுக்கு நினைவிருக்கும். என்.சி.சி. பரேடில் முன்வரிசையில் நிற்பானே, அவன்தான். 1971 போரில் மேற்கு முனையில் இருந்தவன். பல வருஷம் கழித்து ஒரு சந்திப்புக்குக் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்தான். நான் சும்மா இருக்காமல், இதையெல்லாம் எடைக்குப் போட்டால் எவ்வளவுடா தேறும் என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் பதக்கத்தோடு வரவே இல்லை.

அவன் காலமாகிச் சில வருஷம் ஆன பின்புதான் சாவித்திரி கனோல்கர் அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தேன். அன்று நான் பேசியது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று அப்போதுதான் உறைத்தது.

அம்மையார் பிறந்தது 1913-ல், சுவிட்சர்லாந்தில். பெற்றோர் வைத்த பெயர் ஈவ் இவோன். அப்பா ஹங்கேரியர், அம்மா ருஷ்யர். இங்கிலாந்தில் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த விக்ரம் கனோல்கர் என்ற மராட்டிய இளைஞரைச் சந்தித்தபோது அவர் பள்ளிப் பருவத்துப் பெண். சின்ன வயசு என்று அப்பா சம்மதிக்கவில்லை. பெண் விடவில்லை. இந்தியாவுக்கே வந்து 1932-ல் அவரை மணந்துகொண்டார். ஈவ், சாவித்திரி ஆனார். புடவை, சைவச் சாப்பாடு என்று மாறினார். மராத்தி, இந்தி, சமஸ்கிருதம் படித்தார். நாம் பாட்டி மடியில் கேட்ட புராணங்களை அவர் தேடித் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டார்.

வெள்ளைக்காரன் காலத்தில் வீரத்துக்கு மிக உயர்ந்த பதக்கம் விக்டோரியா கிராஸ். 1856-ல் ஏற்பட்டது. இந்தியச் சிப்பாய்களுக்கு அந்த வாசல் திறக்க 1911 ஆயிற்று. சுதந்திரம் வந்ததும் நமக்கென்று சொந்தப் பதக்கம் வேண்டாமா? அந்தப் பொறுப்பை ஏற்ற மேஜர் ஜெனரல் ஹீராலால் அடல், அதை வரைந்து தரச் சொன்னது சாவித்திரி அம்மையாரிடம். அப்படிப் பிறந்ததுதான் பரம்வீர் சக்ரா. பிற வீரப் பதக்கங்களிலும் அவர் கைவண்ணம் உண்டு.

அவர் தேர்ந்தெடுத்த சின்னத்தைப் பாருங்கள். விருத்திராசுரனை வெல்ல ஆயுதம் வேண்டும் என்று தேவர்கள் போய் நின்றபோது, ததீசி முனிவர் தம் உயிரை விட்டு எலும்பைக் கொடுத்தார். அதில் செய்ததுதான் இந்திரனின் வச்சிராயுதம். அந்த வச்சிராயுதம் நான்கு, நடுவில் நம் அரசுச் சின்னம். பின்பக்கம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பதக்கத்தின் பெயர், இடையே இரண்டு தாமரை. ஊதா நிற ரிப்பன். சுமார் மூன்றரை சென்டிமீட்டர் வட்டம்தான். தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. வெறும் வெண்கலம்! எடைக்குப் போட்டால் ஒன்றும் தேறாது. ததீசிக்குப் பரிசு என்று எதுவும் கிடைக்கவில்லை. ஜெயித்ததைப் பார்க்க அவர் உயிரோடும் இல்லை. கொடுத்தவருக்கான அடையாளம் அது.

1950 ஜனவரி 26-ல் பதக்கம் அறிவிக்கப்பட்டது. 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த செயல்களுக்கும் பொருந்தும் என்றார்கள். முதல் பதக்கம் மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு. 1947 நவம்பர் 3-ல், ஸ்ரீநகர் விமானதளத்தைக் காக்க, பட்காமில் ஒரு கையில் மாவுக்கட்டோடு போரிட்டு உயிர்விட்டவர். அவர் யார் தெரியுமா? அம்மையாரின் மகள் குமுதினியின் கணவருக்குச் சொந்த அண்ணன். தான் வரைந்த பதக்கத்தை முதலில் பெற்றது தன் சம்பந்தி வீடு என்றால் அந்தத் தாய் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

1999 கார்கில் போர் வரை 21 பேருக்கு அது கிடைத்தது. அவர்களில் 14 பேர் அதை வாங்க உயிரோடு இல்லை. 1987-ல் இலங்கையில் மடிந்த மேஜர் இராமசாமி பரமேஸ்வரனும் அவர்களில் ஒருவர்.

அம்மையார் பிரிவினை அகதிகளுக்கும் ஜவான்களின் குடும்பங்களுக்கும் தொண்டு செய்தார். 1952-ல் கணவர் மறைந்த பின் இராமகிருஷ்ண மடத்தை நாடி ஆன்மிகத்தில் ஆழ்ந்தார். மகாராஷ்டிரத்து ஞானிகளைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1990-ல் காலமானார்.

இதையெல்லாம் படித்த பிறகு நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்து பதக்கங்களை எடுத்துக் காட்டினார். சங்கிராம் மெடல், பச்சிமி ஸ்டார். இரண்டும் 1971 போருக்கான சேவைப் பதக்கங்கள்; வீரப் பதக்கங்கள் அல்ல. முனையில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தவை. விளிம்பில் அவன் எண்ணும் பெயரும் பொறித்திருந்தது. கேட்டிருந்தால் ததீசி மாதிரி கொடுத்திருப்பான். கேட்கப்படவில்லை, திரும்பி வந்தான். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனிடம் கேட்க முடியவில்லை.

படையில் பணிபுரிந்த நம் நண்பர்கள் இந்தச் சந்திப்புக்குப் பதக்கங்களோடு வாருங்கள். முதல் வரிசையில் உட்கார வைக்கிறோம். ஒவ்வொன்றும் எங்கே, எப்போது வாங்கியது என்று சொல்லுங்கள். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.