தயிர் விஞ்ஞானி!

குட்டீஸ்... பரீட்சை நாள் காலையில் உங்களுக்கு வயிற்றைக் கலக்கியது உண்டா? பயப்படுவது மனசு, வலிப்பது வயிறு! இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருக்கிறீர்களா? அதைத் தெரிந்துகொள்ள, குடலில் வாழும் நுண்ணுயிர்களை உலகமே திரும்பிப் பார்க்க வைத்த ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் இலியா மெச்னிகோவ். இன்றைய உக்ரைன் நாட்டில், கார்கிவ் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில், 1845ம் ஆண்டு பிறந்தார். சின்ன வயதிலேயே செடி, கொடி, பூச்சி என்றால் உயிர். தான் படித்ததை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசை. ஆனால், உட்கார்ந்து கேட்க யார் வருவார்? தன் கைக்காசைக் கொடுத்து அண்ணன்களையும், மற்ற பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவாராம்!

கல்லூரியில் நான்கு ஆண்டு படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். இளம் வயதிலேயே ஒடெசா நகரில் பேராசிரியரானார்.

இவ்வளவு கெட்டிக்காரர், மகிழ்ச்சியாகத்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. சின்ன விஷயத்துக்கும் மனம் வாடிப் போகும். 1869ல் லுட்மிலா என்ற பெண்ணை மணந்தார். திருமணத்தன்று மணப்பெண்ணால் நடக்கக்கூட முடியவில்லை. நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். காசநோய் அவரை வாட்டியது. 1873ல் லுட்மிலா இறந்து போனார். மெச்னிகோவ் இடிந்து போய், வாழ்வில் நம்பிக்கை இழந்து தவித்தார். இரண்டாவது மனைவி ஓல்காவுக்கும் சில ஆண்டுகளில் டைபாய்டு காய்ச்சல் வந்தபோது, மறுபடியும் அதே இருட்டு. நல்லவேளை, ஓல்கா பிழைத்துக்கொண்டார்.

அடுத்து வந்ததுதான் திருப்பம். 1882ல் குடும்பத்தோடு இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டனர். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்போடு வீட்டில் இருந்தார். கண்ணாடி போலத் தெளிவான உடல் கொண்ட நட்சத்திர மீன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, சட்டென்று ஒரு யோசனை. தோட்டத்துக்கு ஓடி, ரோஜா முள்ளைப் பறித்து வந்து, குஞ்சின் உடலில் குத்தி வைத்தார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், அதன் உடலில் உலவும் செல்கள் முள்ளைச் சுற்றிப் படை போலத் திரண்டு நின்றன!

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களும் இப்படித்தான் கிருமிகளை வளைத்து விழுங்குகின்றன என்று அவர் விளக்கினார். பலர் நம்பவில்லை. மெச்னிகோவ் விடவில்லை. 1888ல் லூயி பாஸ்டர், பாரிசில் உள்ள தன் ஆய்வு நிறுவனத்தில் அவருக்கு இடம் கொடுத்தார். 1908ல் பால் எர்லிக் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

வயதாக ஆக, அவர் பார்வை குடல் பக்கம் திரும்பியது. பெருங்குடலில் உள்ள சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நஞ்சுதான் முதுமையை விரைவுபடுத்துகிறது என்று கருதினார். பல்கேரிய நாட்டுக் கிராமத்து மக்கள் புளித்த பால் சாப்பிட்டு நீண்ட நாள் வாழ்வதாகக் கேள்விப்பட்டார். தானும் தினமும் புளித்த பால் குடித்தார். 1904ல் பாரிசில் இதைப் பற்றிப் பேச, தயிருக்கு ஒரே கிராக்கி! வாழ்க்கையை வெறுத்திருந்த அதே மனிதர், 1907ல் நம்பிக்கையைப் பற்றியே புத்தகம் வெளியிட்டார். 1916ல், 71 வயதில் காலமானார்.

அவர் சொன்னது எல்லாம் சரியா? இல்லை. பெருங்குடலே மனிதனுக்குத் தேவையில்லை என்று நினைத்தார்; அது தவறு. குடல் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நமக்கு நண்பர்கள் என்று இன்று தெரிகிறது. ஆனாலும், நல்ல நுண்ணுயிர் நம் உடலுக்கு உதவும் என்ற அவரது எண்ணம் வீண் போகவில்லை.

நம் குடலில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் உள்ளன. வேகஸ் என்ற நீண்ட நரம்பு, குடலுக்கும் மூளைக்கும் டெலிபோன் கம்பி போலச் செய்தி கொண்டு போகிறது, கொண்டு வருகிறது. அதனால்தான் மனசு பயந்தால் வயிறு கலங்குகிறது! 2004ல் ஜப்பான் விஞ்ஞானிகள், நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளை ஆராய்ந்தனர். நெருக்கடியான நேரத்தில், அவற்றின் உடலில் பதற்றத்துக்கான ஹார்மோன் மற்ற எலிகளைவிட அதிகமாகச் சுரந்தது. நன்மை செய்யும் ஒரு வகை நுண்ணுயிரோடு வளர்ந்த எலிகளிடம் அப்படி ஆகவில்லை. மனிதர்களிடம் இது எப்படி நடக்கிறது என்ற ஆராய்ச்சி தொடர்கிறது.

அதற்காக, தயிர் சாப்பிட்டால் கவலை எல்லாம் பறந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். காய், கீரை, பழம், தயிர் என்று கலந்து சாப்பிடுங்கள், நன்றாக விளையாடுங்கள், நேரத்தோடு தூங்குங்கள். மனசு பல நாள் சோர்ந்தே இருந்தால், அம்மா, அப்பா அல்லது ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

வாழ்வே இருட்டாகத் தெரிந்த மெச்னிகோவுக்கு, ஒரு ரோஜா முள் வழிகாட்டியது. உங்களுக்கும் ஒரு வழி நிச்சயம் உண்டு. சரிதானே, குட்டீஸ்?